மணலில் எழுதப்பட்ட கடலின் நலம்: பவளப்பாறையும் பொடிச் சிப்பி உயிரிகளும்

நம் திருப்பத்தூரைச் சுற்றி இருப்பவை ஜவ்வாது மலையும் ஏலகிரியும். கடல் நமக்கு வெகு தூரம். ஆனாலும் கீழக்கரை, பெரியபட்டினம், மண்டபம் பக்கம் உறவும் நட்பும் உள்ள குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அங்கே பலரின் அடுப்பு எரிவது மன்னார் வளைகுடாவை நம்பித்தான். அந்தக் கடலின் உடல்நிலையை அறிய விஞ்ஞானிகள் பார்க்கும் ஒரு பரிசோதனையைப் பற்றி இங்கே அறிந்துகொள்வோம்.

எவை இந்த உயிரிகள்?

ராமேஸ்வரம் தொடங்கி தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அப்பாறைகளுக்கிடையே படியும் மணலை உருப்பெருக்கியில் வைத்தால் சுருள், நட்சத்திரம், பொத்தான் வடிவங்களில் நுண்ணிய ஓடுகள் தெரியும். இவற்றுக்கு ஃபோராமினிஃபெரா என்று பெயர். ‘துளைகளைத் தாங்கியது’ என்பது பொருள். ஒரே ஒரு செல் கொண்ட உயிரி தனக்கென்று பல அறைகள் உள்ள வீட்டைக் கட்டிக்கொள்கிறது. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

பிரான்ஸைச் சேர்ந்த தொர்பிஞி 1826-இல் இவற்றை வகைப்படுத்தியபோது கணவாய் இனத்தோடு சேர்த்துவிட்டார். இவை ஒரு செல் உயிரிகள் என்று 1835-இல் துஜார்தான் எடுத்துக் காட்டினார்.

எப்படி இனம் காண்கிறார்கள்?

மணலை எடுத்தவுடன் ரோஸ் பெங்கால் என்ற சாயம் சேர்ப்பார்கள். எடுக்கும்போது உயிரோடு இருந்தவை இளஞ்சிவப்பாகும். வெற்று ஓடுகள் நிறம் ஏற்காது. பிறகு 0.063 மி.மீ. கண்ணுள்ள சல்லடையில் அலசி, உலர்த்தி, கறுப்புத் தட்டில் பரப்பி, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். அடுத்து மூன்று கேள்விகள்:

1. ஓட்டின் சுவர் எதனால் ஆனது? மணல் துகள்களை ஒட்டிக் கட்டியதா, பீங்கான் போல் வெண்மையா, கண்ணாடி போல் ஒளி புகுவதா?
2. அறைகள் எப்படி அடுக்கப்பட்டுள்ளன? ஒரே வரிசையா, சுருளா, பின்னலா?
3. வாய்த்துளை எங்கே, எந்த வடிவில் உள்ளது?

இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் குடும்பம் பெரும்பாலும் பிடிபடும். மேற்பரப்பின் வரிகளையும் முட்களையும் பார்த்து இனத்தை முடிவு செய்வார்கள்.

இதனால் என்ன பயன்?

ஆம்பிஸ்டெஜினா, பெனெரோப்ளிஸ் போன்றவை தம் உடலுக்குள் பாசியை வளர்த்து அதன் உணவைப் பகிர்ந்துகொள்கின்றன. பவளமும் அப்படியே வாழ்கிறது. இரண்டுக்கும் தெளிந்த நீரும் வெயிலும் வேண்டும். அம்மோனியா என்ற இனமோ கழிவு கலந்த நீரையும் தாங்கும்.

இதை வைத்து 2003-இல் அமெரிக்காவின் பமேலா ஹாலக் குழுவினர் ஒரு குறியீட்டை வகுத்தனர். முதல் வகைக்கு 10, கழிவைத் தாங்கும் வகைக்கு 1, மற்ற சிறியவற்றுக்கு 2 என மதிப்பிட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 100 ஓடுகளில் இவை முறையே 50, 10, 40 என்றால் சராசரி 5.9. நான்குக்கு மேல் என்றால் பவளம் வளர ஏற்ற நீர். இரண்டுக்குக் கீழ் என்றால் ஏற்றதல்ல. 10, 30, 60 என மாறினால் 2.5-க்கு இறங்கிவிடும். இக்குறியீடு முதலில் கரீபியன் கடல் பகுதிக்காக வகுக்கப்பட்டது. ஆகவே நம் கடலுக்குப் பயன்படுத்தும்போது நிதானம் தேவை.

பவளம் பல ஆண்டுகள் வாழ்வது. இவற்றின் ஆயுளோ குறைவு. அதனால் நீர் கெடத் தொடங்கியதும் மாற்றம் இவற்றில் சீக்கிரம் தெரியும். இந்த முன்னெச்சரிக்கை மீனவருக்கு முக்கியம். பவளம் அழிந்தால் மீன் குஞ்சுகளுக்குப் புகலிடம் இல்லை. பவளத்தை வெட்டியெடுத்ததன் விளைவாக பூவரசன்பட்டி, விலாங்குசல்லி தீவுகள் கடலுக்குள் மூழ்கியதை மறக்கக் கூடாது.

நம் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படிப்பவர்கள் பி.எஸ்சி. புவியியல் (ஜியாலஜி) படிப்பைப் பற்றியும் விசாரியுங்கள். இந்த நுண்ணுயிரி ஆய்வு கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனத்தில் நடக்கிறது. பாறையின் வயதை அறிய இதே ஓடுகள் உதவுவதால் எண்ணெய் தேடும் ஓ.என்.ஜி.சி.யிலும் இத்துறையினருக்கு வேலை உண்டு. பொறுமையும் கூர்ந்த பார்வையும் உள்ள பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் ஏற்ற துறை இது.

ஒரு வேண்டுகோள்: ராமேஸ்வரம் பக்கம் சுற்றுலா போகும்போது பவளத் துண்டுகளை எடுக்கவோ வாங்கவோ வேண்டாம். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. கரையில் பிளாஸ்டிக்கைப் போடாமல் திரும்புவதும் அந்த மீனவக் குடும்பங்களுக்கு நாம் செய்யும் உதவிதான்.