வெள்ளைப் பருந்தைக் கண்டால் முதலில் கண்ணைப் பாருங்கள்

மறைமலை நகர் தொழிற்பேட்டைக்கு மேலே வெயில் ஏறியதும் கள்ளப்பருந்துகள் வட்டமடிக்கத் தொடங்கும். அந்தப் பழுப்புக் கூட்டத்தில் ஒன்று மட்டும் வெளுத்துத் தெரிந்தால் ‘அல்பினோ’ என்று சொல்லிவிடத் தோன்றும். பெரும்பாலும் அது அல்பினோவாக இருக்காது.

வெள்ளை சில இனங்களுக்கு இயல்பு. கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்தச் செம்பருந்துக்குத் தலையும் மார்பும் வெள்ளை. மின்கம்பியில் உட்கார்ந்து எலிக்குக் காத்திருக்கும் கருந்தோள் பருந்துக்கு அடிப்பக்கம் முழுக்க வெள்ளை. கண்ணும் இரத்தச் சிவப்பு. பலர் ஏமாறுவது இங்கேதான். வளர்ந்த பறவையின் கண் நிறமே அதுதான்.

செங்கல்பட்டைத் தாண்டி ஏறக்குறைய 15 கிலோமீட்டர் போனால் திருக்கழுக்குன்றம். அந்த மலையில் உச்சிவேளைதோறும் சர்க்கரைப் பொங்கல் உண்ண இறங்கிய இரண்டு ‘கழுகுகள்’, மஞ்சள்முகப் பாறுகள். தொண்ணூறுகளின் இறுதியோடு வருகை நின்றுபோனது. படியேறும்போதெல்லாம் என் கண் இன்னும் வானத்துக்குத்தான் போகிறது. இந்த இனத்தின் குஞ்சு கரும்பழுப்பு. வெளுத்து முடிய 5 ஆண்டு பிடிக்கும். அப்போதும் சிறகின் பெரிய இறகுகள் கறுப்பாகவே இருக்கும். மெலனின் என்னும் கருநிறமி இறகுக்கு உறுதியும் தருகிறது. அது இல்லாத இறகு சீக்கிரம் தேயும்.

இயல்பாகப் பழுப்பாக இருக்க வேண்டிய பறவை வெளுப்பது வேறு கதை. உண்மையான அல்பினோவுக்கு மெலனின் உண்டாக்கும் நொதி வேலை செய்யாது. இறகில் மட்டுமல்ல, கண்ணிலும் நிறமி இருக்காது. உள்ளிருக்கும் இரத்தம் தெரிவதால் கண் இளஞ்சிவப்பாகத் தோன்றும். வெளிச்சம் கூசும், பார்வை மங்கும். உயரத்திலிருந்து இரையைக் குறிவைத்துப் பாயும் பறவைக்குப் பார்வை போனால் பிழைப்பே போச்சு. காட்டில் வளர்ந்த அல்பினோ பருந்தைக் காண்பது அரிதாக இருப்பது இதனால்தான்.

‘லூசிசம்’ என்பதில் நிறமி உயிரணுக்கள் தோலின் சில இடங்களுக்கோ முழுத் தோலுக்குமோ போய்ச் சேர்வதில்லை. கண்ணில் நிறம் இருக்கும், பார்வையும் நன்றாக இருக்கும். வட அமெரிக்காவின் செவ்வால் பருந்துகளில் இப்படி வெளுத்தவற்றை அவ்வப்போது காண்கிறார்கள். இரண்டு நிலையிலும் அலகடி, கால்களின் மஞ்சள் போகாது. அது உணவிலிருந்து வரும் வேறு நிறமி.

இதைவிடப் பரவலானது நரை. ஆம், நமக்கு விழுவதைப் போன்ற நரைதான். முளைத்து முடிந்த இறகு நகம்போல உயிரற்றது. அதன் நிறத்தை உள்ளிருந்து மாற்ற முடியாது. பழைய இறகு உதிர்ந்து புதிது முளைக்கையில்தான் வெள்ளை கூடும். லூசிசப் பறவையின் வெள்ளைத் திட்டுகள் குஞ்சாகக் கூட்டைவிட்டு வந்தபோது எங்கிருந்தனவோ, ஆயுளுக்கும் அங்கேயே இருக்கும். ஆகவே ஒரே புகைப்படம் போதாது. கண் தெளிவாகத் தெரியும்படி ஒன்று எடுத்து, தேதி குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டும் அதே பறவை அகப்பட்டால், விரித்த சிறகில் வெள்ளை இறகுகளை எண்ணிப் பாருங்கள்.