பாகத்தோடு பயணிக்க வேண்டிய நிபந்தனை

1996 ஜூன் 4 அன்று, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. ஏறத்தாழ 40 விநாடிகளில் வானிலேயே சிதறியது. ராக்கெட்டின் திசையையும் வேகத்தையும் கணித்துச் சொல்லும் கருவியின் மென்பொருள் முடங்கியதே காரணம்.

அது ஏரியான் 4-இல் நன்றாக இயங்கிய மென்பொருள். அதில் ஓரிடத்தில், 64 பிட் எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. குறியுடைய (கூட்டல், கழித்தல் இரண்டையும் ஏற்கும்) 16 பிட் முழு எண்ணில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த அந்த எண், ஏரியான் 4 சென்ற பாதையில் இந்த வரம்பைத் தாண்ட வாய்ப்பே இல்லை. ஏரியான் 5-க்கோ தொடக்கத்திலேயே கிடைமட்ட வேகம் மிக அதிகம்; எண் வரம்பை மீறியது. மாற்றுக் கருவியிலும் அதே மென்பொருள்தான். அதுவும் நின்றுபோயிருந்தது.

எந்த நிபந்தனைக்குள் இந்த மென்பொருள் பாகம் சரியாக வேலை செய்யும் என்பது பாகத்தோடு சேர்ந்து வரவில்லை. அதைக் கணித மொழியில் ஐயத்துக்கு இடமின்றி எழுதி இணைப்பதே முறைசார் விவரக்குறிப்பு. ‘எனக்கு வரும் மதிப்பு இந்த எல்லைக்குள் இருந்தால், இந்த விடையைத் தருவேன்’ என்று ஒவ்வொரு பாகமும் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறது. பாகங்களை இணைக்கும்போது, ஒன்று தருவது மற்றொன்று கேட்பதற்குப் பொருந்துகிறதா என்று முன்கூட்டியே சரிபார்க்கலாம். ஏரியான் விபத்தின் பாடம் இதுவே என்று கணினி அறிவியலாளர்கள் பெர்ட்ரான் மேயரும் ஷான்-மார்க் ஜெசெக்கேலும் 1997-இல் எழுதினார்கள்.

கணினி ஓர் இயந்திரத்தை ஓட்டும்போது சிக்கல் கூடுகிறது. ஓட்டுநரில்லா ரயிலை எடுத்துக்கொள்வோம். அதன் வேகம் தொடர்ச்சியாக மாறுகிறது. ‘பிரேக் போடு’ என்ற கணினியின் முடிவோ ஒரே கணத்தில் பிறக்கிறது. இப்படி இரண்டு வகை மாற்றமும் கலந்தவை கலப்பு அமைப்புகள். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் போகும் ரயிலின் வேகத்தை, பிரேக் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 1 மீட்டர் வீதம் குறைத்தால், ரயில் நிற்க 200 மீட்டர் தேவை. கணினி விநாடிக்கு ஒருமுறைதான் தூரத்தைப் பார்க்கிறது என்றால், அடுத்த முறை பார்ப்பதற்குள் ரயில் இன்னும் 20 மீட்டர் போயிருக்கும். ஆகவே 220 மீட்டருக்கும் குறைவாக இடம் விட்டால் ஆபத்து. தனித்தனியே சோதிப்பது சில வேகங்களுக்கு மட்டுமே விடை சொல்லும். கணித நிரூபணம் எல்லா வேகங்களுக்கும் சேர்த்துச் சொல்லும்.

1998-இல் திறக்கப்பட்ட பாரிஸ் மெட்ரோவின் ஓட்டுநரில்லா 14-ஆம் தடத்தில், பாதுகாப்புக்கான மென்பொருள் ‘பி’ என்ற முறைசார் வழியில் உருவாக்கப்பட்டு, கணித முறையில் நிரூபிக்கப்பட்டது. இதற்கு உழைப்பும் காலமும் நிறையவே செலவாகும். ஆனாலும் மனித உயிர் ஒரு மென்பொருளை நம்பியிருக்கும் இடத்தில், அது எதை நம்பி இயங்குகிறது என்பதை எழுதி வைப்பது அதை உருவாக்குபவரின் கடமை.