பாட்டுக்களின் குடிபெயர்ச்சி

மக்கள் ஓரில்லத்தினின்றும் பிறிதோரில்லத்திற்குக் குடிபெயருங்கால், தட்டுமுட்டுப் பண்டங்களை வண்டியிலேற்றிக் கொண்டுபோதல் எளிது. ஆனால், இப்பண்டம் எவ்வறையிலிருந்தது, இதனைத் தந்தவர் யார், எதன்பொருட்டு இது வைக்கப்பெற்றது என்னும் நினைவுகளை வண்டியிலேற்றுதல் இயலாது. இவ்வுண்மை இல்லத்திற்கேயன்றிப் பாட்டிற்கும் பொருந்தும். ஓர் இயங்குதளத்தையுடைய கைப்பேசியினின்றும் வேறோர் இயங்குதளத்தையுடைய கைப்பேசிக்குத் தாம் அரிதிற் சேர்த்த பாட்டுக்களை மாற்ற முயன்ற நண்பர் பலரும் இதனை நன்கறிவர். அவற்றுள் எவை எளிதிற் கடக்கும், எவை பழைய கரையிலேயே நின்றுவிடும், நிற்பனவற்றையும் உடன்கொண்டு செல்லும் வழி யாது என்பவற்றை ஒரு சிறிது விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை யான் எழுதப் புகுந்தமைக்கு ஒரு காரணமுண்டு. எமதூர் காரைக்கால் மாவட்டத்துக் கடற்கரைச் சிற்றூராகிய மண்டபத்தூர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை எம்மில்லத்துட் புகுந்தபோது, பாட்டனார் பாடிய தபசுகாலப் பாட்டுக்கள் பதிந்திருந்த ஒலிநாடாக்கள் அனைத்தும் அழிந்தன. யான் பிறக்குமுன் நிகழ்ந்த அவ்விழப்பைப் பெரியோர் சொல்லக் கேட்டே வளர்ந்தேன். ஆதலின், யான் கல்லூரி விடுதிக்கு வந்தபின், அத்தையார் மாலைதோறும் பாட்டியாரைப் பாடச் செய்து, அப்பாட்டுக்களை வாட்ஸாப் வழியே குரற்செய்திகளாக எனக்கு அனுப்பி வந்தனர். பெரிய வெள்ளியன்று பாடும் புலம்பலும், தாலாட்டும், நடவுப்பாட்டுமாக 37 பதிவுகள் சேர்ந்தன. சென்ற ஆண்டு பாட்டியார் இறைவனடி சேர்ந்தனர். அதன்பின் பிரெஞ்சு நாட்டில் வாழும் சிற்றப்பா எனக்கொரு ஐஃபோன் அனுப்பினர். என்னிடமிருந்த பழைய கைப்பேசியோ ஆண்ட்ராய்டு. அப்பதிவுகளுக்கு நேர்ந்தது யாதென்பதைப் பின்னர்க் கூறுவேன்.

நிற்க. முதற்கண் நம்முடைய பாட்டுக்கள் எவை என்று தெளிதல் வேண்டும். கைப்பேசியிற் கேட்கப்படும் பாட்டுக்கள் மூவகைப்படும். தனிக் கோப்பாக நம்பாலுள்ளவை ஒருவகை. விலைகொடுத்துப் பெற்ற கோப்புக்கள் இரண்டாம் வகை. திங்கட்கட்டணம் செலுத்தியோ விளம்பரங்களுக்கு இடங்கொடுத்தோ கேட்பன மூன்றாம் வகை. மூன்றாம் வகையைக் குடிக்கூலி வீட்டிற்கு ஒப்பிடலாம். இணையமின்றிக் கேட்டற்பொருட்டு அப்பாட்டுக்களை நாம் இறக்கி வைத்துக்கொள்ளினும், அவை அச்செயலியின் பூட்டினுள்ளேயே கிடக்கும். பிறிதோரிடத்திற்கு எடுத்துச் செல்லுதற்குரியன அல்ல. புதிய கைப்பேசியில் அச்செயலியையே நிறுவி, பழைய கணக்கினாற் புகுந்தால் பாட்டுக்களும் பட்டியல்களும் முன்போல் தோன்றும். ஆப்பிள் நிறுவனத்தின் இசைச்செயலி 2015 முதல் ஆண்ட்ராய்டிலும் கிடைத்து வருவதால், அதனைப் பயன்படுத்துவோர்க்கும் இது பொருந்தும். ஆயினும், வீட்டுக்காரர் கதவடைத்தால் குடியிருப்போர் வெளியேறவே வேண்டும். கூகுள் பிளே மியூசிக் என்னும் நிலையம் 2020-ஆம் ஆண்டிறுதியில் மூடப்பட்டபோது, அதனைப் பயன்படுத்தியோர் யூடியூப் மியூசிக்கிற்குக் குடிபெயர நேர்ந்தமை இதற்குச் சான்று.

இரண்டாம் வகையில் ஒரு வரலாறு உண்டு. ஆப்பிள் நிறுவனம் 2003-இல் ஐட்யூன்ஸ் அங்காடியைத் தொடங்கியபோது, அதில் விற்ற பாட்டுக்களுக்கு ஃபேர்பிளே என்னும் மறைப்பூட்டு இட்டிருந்தது. அங்ஙனம் பூட்டப்பெற்றவை பிறருடைய கருவிகளில் ஒலியா. 2009-இல் அப்பூட்டு இசைக்கோப்புக்களினின்றும் நீக்கப்பட்டது. ஆகவே, அதன்பின் வாங்கியவற்றை ஆண்ட்ராய்டிலும் தடையின்றிக் கேட்கலாம். இந்தியாவில் அவ்வங்காடி திறந்தது 2012-இல் ஆதலின், இந்நாட்டினர் வாங்கிய பாட்டுக்களுக்கு அவ்விடர் இல்லையென்றே கூறலாம்.

இனி, முதல்வகையாகிய தனிக் கோப்புக்களைப் பற்றி ஆராய்வோம். இவற்றிற் பெரும்பாலன எம்.பி.3 என்னும் வடிவின. இவ்வடிவம் எல்லா இயங்குதளத்திற்கும் பொதுவானது. இதன் உரிமக்கட்டணமும் 2017-இல் முடிவுற்றது. ஐந்து நிமிடம் ஒலிக்கும் ஒரு பாட்டு, நொடிக்கு 128 கிலோபிட்டு வீதம் பதியப்பெறின், 4.8 மெகாபைட்டு இடங்கொள்ளும். ஆயிரம் பாட்டிற்கு ஐந்து ஜிகாபைட்டிற்குச் சற்றுக் குறைவே ஆகும். ஆதலின், பளு ஒரு தடையன்று.

ஆண்ட்ராய்டினின்றும் ஐஃபோனுக்கு மாறுவோர்க்கு ‘மூவ் டு ஐ.ஓ.எஸ்.’ என்னும் செயலியொன்றை ஆப்பிள் 2015-இல் அளித்தது. அது பெயர், எண், படம், செய்தி முதலியவற்றைக் கொண்டு சேர்க்கும். பாட்டுக்களைக் கொண்டு சேர்க்காது. அவற்றை நாமே சுமத்தல் வேண்டும். வழி இதுவாகும்: பழைய கைப்பேசியை யூ.எஸ்.பி. வடத்தாற் கணினியொடு பொருத்தி, கைப்பேசித் திரையில் ‘கோப்புப் பரிமாற்றம்’ என்பதனைத் தேர்ந்து, பாட்டுறையைக் கணினிக்குப் படியெடுத்துக் கொள்க. பின்னர், விண்டோஸ் கணினியாயின் ஐட்யூன்ஸிலும், மாக் கணினியாயின் அதன் இசைச்செயலியிலும் அவற்றைச் சேர்த்து, ஐஃபோனைப் பொருத்தி ஒத்திசைத்தல் வேண்டும். ஈண்டு ஓர் எச்சரிக்கை: ஓர் ஐஃபோன் ஒரு காலத்தில் ஒரு கணினியின் பாட்டுத்தொகுதியோடு மட்டுமே ஒத்திசையும். நண்பருடைய கணினியிற் பொருத்தினால், முன்னிருந்தவற்றை அழித்துப் புதியன சேர்க்கலாமா என்று அது வினவும். ஆராயாது இசைந்தவர் தம் பாட்டுக்களை இழப்பர்.

இதற்கு மறுதலையாக, ஐஃபோனினின்றும் ஆண்ட்ராய்டுக்கு மாறுவோர், ஐஃபோனைக் கணினியிற் பொருத்திப் பாட்டைத் தேடுதல் வீண். படங்கள் தோன்றுமேயன்றி இசைத்தொகுதி தோன்றாது. முன்பு ஒத்திசைத்த கணினியிலுள்ள கோப்புக்களையே எடுத்து ஆண்ட்ராய்டின் உறையில் இடுதல் வேண்டும். கணினிப்படியை அழித்தார்க்கு இது பேரிடராகும்.

வடிவத்தாலும் இடர் விளைவதுண்டு. ஆண்ட்ராய்டில் வாட்ஸாப் சேமிக்கும் குரற்செய்திகள் ஓபஸ் என்னும் வடிவின. பழைய கைப்பேசிகளிற் பதிந்த குரல்கள் பல ஏ.எம்.ஆர். வடிவின. ஐஃபோனின் இசைத்தொகுதியோ எம்.பி.3, ஏ.ஏ.சி., வேவ் முதலிய சிலவற்றையே ஏற்கும். இதற்கு இருவழி உண்டு. வி.எல்.சி. என்னும் இலவசச் செயலியை ஐஃபோனில் நிறுவி, அதனுட் கோப்புக்களை அப்படியே இட்டுக் கேட்டல் ஒன்று. கணினியில் வேறு வடிவிற்கு மாற்றிக்கொள்ளுதல் மற்றொன்று. மாற்றுவோர் மூலத்தை அழித்தலாகாது. சுருக்கிய ஒலியை மீண்டும் வேறு முறையாற் சுருக்குந்தோறும் குரல் சிறிது தேயும்; பெயர்த்தெழுதுந்தோறும் பிழை பெருகும் ஏட்டினை ஒக்கும் அது.

இதுகாறுங் கூறியவை கருவியைப் பற்றியன. சிறிது பொறுமையுடையார் எவரும் இவற்றைக் கடப்பர். உண்மையான இழப்பு வேறிடத்தில் உளது. பாட்டு ஒன்று, பாட்டைப் பற்றிய குறிப்பு மற்றொன்று. பாடியவர் யார், எந்நூலைச் சார்ந்தது, எப்பாட்டின்பின் எப்பாட்டு வரல் வேண்டும் என்னும் குறிப்புக்கள் இருவேறு இடங்களில் வாழ்கின்றன. சில கோப்பினுள்ளேயே எழுதப்பெற்றுள்ளன. பல செயலியின் ஏட்டில் மட்டும் உள்ளன. கோப்பு கடக்குங்கால், உள்ளெழுதியவை உடன்கடக்கும். செயலியின் ஏட்டிலுள்ளவை பின்தங்கும். நாம் வரிசைப்படுத்திய பட்டியலும், விருப்பக் குறியும் அழிவது இதனாலேயாம்.

கோப்பினுள் எழுதும் குறிப்பிற்கு ஐ.டி.3 என்பது பெயர். 1996-இல் தோன்றிய அதன் முதல்வடிவில், கோப்பின் இறுதியில் 128 பைட்டு இடமே ஒதுக்கப்பட்டது. பாட்டின் பெயருக்கு 30 பைட்டு. ஆங்கில எழுத்தொன்றிற்கு ஒரு பைட்டு போதும். ஒருங்குறித் தமிழை யூ.டி.எஃப்.-8 முறையில் எழுதின், ஒரு குறிக்கு மூன்று பைட்டு வேண்டும். புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனி எண்ணப்படுமாதலின், மண்டபத்தூர் என்னும் எம்மூர்ப் பெயருக்கே 33 பைட்டு வேண்டும். அவ்விடத்தில் எம்மூர் அடங்காது! 1998-இல் வந்த இரண்டாம் வடிவம் இக்குறையைப் போக்கி, ஒருங்குறிக்கும் நீண்ட பெயர்க்கும் இடந்தந்தது. ஆயினும், திஸ்கி, தாப் முதலிய பழைய குறிமுறைகளில் எழுதிய பெயர்கள் புதிய கருவிகளிற் பொருளற்ற அயலெழுத்துக்களாகத் தோன்றும். அவற்றைக் கணினியிலேயே ஒருங்குறிக்கு மாற்றிப் பின் அனுப்புதல் நன்று.

பட்டியல்களையும் காத்தல் கூடும். சில செயலிகள் அவற்றை எம்.3யூ. என்னும் எழுத்துக்கோப்பாக வெளியிடும். அதனுள் ஒவ்வொரு பாட்டும் எவ்வுறையில் உள்ளதென்று வரிவரியாக எழுதப்பெற்றிருக்கும். புதிய கைப்பேசியில் உறையின் பெயர் வேறாதலின், முகவரி தவறிப் பட்டியல் ஊமையாகும். பாட்டையும் பட்டியலையும் ஒரே உறையிலிட்டு, உறைப்பெயரை நீக்கிக் கோப்புப்பெயரை மட்டும் விட்டுவைப்பின் இவ்விடர் பெரும்பாலும் நீங்கும். அதனினும் எளிது, கோப்புப்பெயரின் முதலில் 01, 02 என எண்ணிடுதல். கோப்புப்பெயர்வழி வரிசைப்படுத்தும் கருவிகள் அவ்வொழுங்கை அறியும்.

இவ்விடர் கைப்பேசியோடு பிறந்ததன்று; தமிழ் பயில்வார்க்கு இது பழைய செய்தியே. எழுபதெனப்பட்ட பரிபாடற் பாட்டுக்களுள் முழுமையாக நமக்கு எஞ்சியவை இருபத்திரண்டே. அவற்றுட் பலவற்றின் கீழே, பாடிய புலவர் பெயரும், இசை வகுத்தார் பெயரும், பண்ணின் பெயரும் குறிக்கப்பெற்றுள்ளன. டாக்டர் உ. வே. சாமிநாதையரவர்கள் 1918-இல் அந்நூலைப் பதிப்பித்தபோது அக்குறிப்புக்களும் அச்சேறின. இசை மறைந்தது, ஆயினும் இசை வகுத்தவர் பெயர் பாட்டின் கீழேயே எழுதப்பெற்றிருந்தமையால் இன்றும் வாழ்கின்றது. தேவாரத்திற்கோ வேறு நிகழ்ந்ததெனத் திருமுறை கண்ட புராணம் கூறும். தில்லையிற் செல்லரித்த ஏடுகளினின்றும் பாட்டுக்கள் மீண்டன; பண்கள் மீண்டில. பின்னர்த் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் அவற்றிற்குப் பண்ணடைவு வகுத்தனர் என்பது அப்புராணச் செய்தி. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலியோருடைய கீர்த்தனைகளை அச்சிட்ட நம்மவர், ஒவ்வொன்றின் தலைப்பிலும் இராகமும் தாளமும் பொறித்தமை இவ்வச்சத்தாலேயே போலும்.

எனக்கு நேர்ந்ததும் இதுவே. வாட்ஸாப் உறையிலிருந்த குரற்கோப்புக்களைக் கணினிக்குப் படியெடுத்து, பழைய கைப்பேசியைத் துடைத்துத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். பாட்டுக்கள் பத்திரமாக இருக்கின்றன என்று மகிழ்ந்து ஓபஸை வேறு வடிவிற்கு மாற்றினேன். திறந்து பார்த்தபோது, முப்பத்தேழும் தேதியும் வரிசையெண்ணுமாகவே நின்றன. இப்பாட்டு இன்னது, இதனைப் பாட்டியார் யாரிடங் கற்றனர் என்று அத்தையார் ஒவ்வொன்றின் கீழும் எழுதியனுப்பிய சொற்களெல்லாம் உரையாடலில் இருந்தனவேயன்றிக் கோப்பில் இல்லை. உரையாடலை உடன்கொணரும் வழி இருந்தும் யான் அதனைச் செய்திலேன். கருவியின் குற்றமன்று, என் குற்றமே. ஏட்டைக் காத்துப் பண்ணைத் தொலைத்தவனானேன்.

விடுமுறையில் ஊர்சென்று, அத்தையாரின் அருகிலமர்ந்து ஒவ்வொன்றையும் ஒலிக்கச் செய்தேன். இரண்டு மாலை கழிந்தன. சிலவற்றின் முதலடி கேட்டவுடனே பெயர் சொன்னார். சிலவற்றிற்குக் கண்மூடி நெடுநேரம் இருந்தார். ஒன்றைக் கேட்டு அழுதார். முப்பத்தொன்றிற்குப் பெயர் கிடைத்தது. பாட்டின் பெயர், பாடியவர், கற்பித்தவர், ஊர், நாள் என்பவற்றை அன்றே ஒவ்வொரு கோப்பினுள்ளும் எழுதினேன். எஞ்சிய ஆறும் இன்னவென்று அத்தையார்க்கும் தெரியவில்லை. அறிந்திருந்தவர் அவற்றைப் பாடியவர் ஒருவரே.

ஆதலின், நண்பர்காள், பாட்டுக்களை மாற்றுமுன் மூன்று செய்க. மூலக்கோப்புக்களை, கைப்பேசியன்றி வேறோரிடத்தும் வைத்துக்கொள்க. எல்லாக் கருவிக்கும் பொதுவாகிய வடிவத்தையே தேர்க. பெயரும் குறிப்பும் செயலியின் ஏட்டில் நில்லாது பாட்டினுள்ளேயே நிற்குமாறு எழுதுக. முதலிரண்டையும் எக்காலத்துஞ் செய்யலாம். மூன்றாவதை மட்டும், அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே செய்தல் வேண்டும். அவ்வாறு பதிவுகளின் பெயரிடத்தில் யான் எழுதியிருப்பது இவ்வளவே: பெயரறியாப் பாட்டு, பாடியவர், பாட்டியார், மண்டபத்தூர்.