இடம் மாறிய ஈரல்

பித்தப்பைக் கல்லுக்காக அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தமிழன்பர் ஒருவர், ஆங்கிலத்தில் அமைந்த சோதனை அறிக்கையை மொழிபெயர்த்துத் தருமாறு நம்மிடம் கொண்டுவந்தார். பித்தப்பையின் மேல் கல்லீரல் திசு காணப்பட்டதாக அதில் கண்டிருந்தது. "ஈரல் நோய் பரவிவிட்டதா, ஐயா?" என்று கலங்கினார். சொல்லைப் பெயர்த்தால் மட்டும் போதாது, பொருளையும் விளக்க வேண்டும் என்று உணர்ந்தோம்.

கரு உருவாகி 4-ஆம் வாரத்தில் முன்குடலிலிருந்து சிறு மொட்டு ஒன்று அரும்புகிறது. கல்லீரலும் பித்தப்பையும் அதிலிருந்தே வளர்கின்றன. அப்போது சில அணுக்கள் பிரிந்து வேறிடத்தில் தங்கிவிடுகின்றன என்று கருதப்படுகிறது. ஆகவே இது பிறவியிலேயே அமைவது, பரவிய நோயன்று. அரிதான இத்திசு பெரும்பாலும் பித்தப்பையின் மேல் இருக்கும். மண்ணீரல், கணையம், மார்பறை ஆகிய இடங்களிலும் காணப்பட்டதுண்டு. பொதுவாகத் துன்பம் தராமையால், வேறொன்றுக்காக வயிற்றைத் திறக்கும்போதே தென்படுகிறது.

எனினும் இதனைப் புறக்கணித்தலாகாது. தாய் ஈரலுக்கு வரும் நோய்கள் இதற்கும் வரலாம். பித்தம் வடிய ஒழுங்கான வழி இன்மையால் புற்று தோன்றும் வாய்ப்பு மிகுதி என்றும் மருத்துவர் கருதுகின்றனர். எனவே அகற்றி, நுண்ணோக்கியில் ஆராய்வது வழக்கம்.

நம் அன்பருக்கு அது பித்தப்பையோடு அகற்றப்பட்டிருந்தது. புற்றுக்குறி இல்லை என்று அறிக்கையின் இறுதி வரி கூறியது. அவரோ முதல் வரியிலேயே அஞ்சி நின்றுவிட்டார். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் நாம், அறிக்கையை இறுதிவரை படித்து, விளங்காததை மருத்துவரிடமே கேட்டுத் தெளிதல் நன்று.