உருகாமலே உலோகமாகும் களிமண்

பழைய எக்ஸ்-ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எலும்பைச் சுற்றித் தெரியும் அந்தக் கறுப்பு முழுவதும் வெள்ளி. மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால் அது பளபளப்பதில்லை. காலாவதியான ஃபிலிம்களிலும் மின்னணுக் கழிவுகளிலும் ஒளிந்திருக்கும் இந்த வெள்ளி, இன்று மோதிரமாகவும் பதக்கமாகவும் மறுபிறவி எடுக்கிறது. அதுவும் களிமண்ணாக மாறிய பிறகு!

முதலில் அதைச் சுத்தப்படுத்த வேண்டும். கழிவிலிருந்து பிரித்த வெள்ளித் தகட்டை வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். தகடு மெல்லக் கரைகிறது. அதில் கலந்திருந்த செம்பு கரைசலிலேயே தங்கிவிடுகிறது. தங்கம் இருந்தால் கசடாக ஒதுங்குகிறது. எதிர்முனையில் வெள்ளி மட்டும் படிகங்களாகப் பூக்கிறது. சுரங்கத்திலிருந்து வந்த தூய வெள்ளிக்கும் இதற்கும் எந்த வேறுபாடும் இல்லை.

அடுத்த வித்தையைச் செய்தது ஜப்பான். 1990களின் தொடக்கத்தில் மிட்சுபிஷி மெட்டீரியல்ஸ் நிறுவனம் வெள்ளியை மைக்ரான் அளவுத் தூளாக்கி, நீரும் தாவர நாரிலிருந்து செய்த பசையும் சேர்த்துப் பிசைந்தது. கழிவிலிருந்து விலையுயர்ந்த உலோகங்களை மீட்கும் ஐடா கெமிக்கல் நிறுவனமும் தன் பங்குக்கு ஒரு வெள்ளிக் களிமண்ணைக் கொண்டுவந்தது. விரலால் உருட்டலாம், அச்சில் அழுத்தலாம். கைரேகைகூடப் பதியும்.

உலர்ந்த உருவத்தைச் சூடாக்கும்போதுதான் உண்மையான அதிசயம். பசை எரிந்து மறைகிறது. வெள்ளி உருக சுமார் 962 டிகிரி செல்சியஸ் வேண்டும். இங்கே 800 டிகிரியில் ஐந்தே நிமிடம் போதும். துகள்கள் தொடும் இடங்களை நோக்கி அணுக்கள் நகர்ந்து, இடுக்குகளை நிரப்பிப் பாலம் கட்டுகின்றன. இது சின்டரிங் எனப்படும் உருகாப் பிணைப்பு. ஃப்ரீசரில் நாள்கணக்கில் கிடக்கும் பனிக்கட்டிகள் உருகாமலே ஒட்டிக்கொள்வதும் இதே விதிப்படிதான். சிறு துகளுக்கு எடையோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு மிக அதிகம். அந்தப் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் துடிப்பே அணுக்களை நகர்த்துகிறது.

இடுக்குகள் மூடுவதால் நகை சுருங்கும். 20 மில்லிமீட்டர் வளையம் பத்து சதவீதம் சுருங்கினால் 18 ஆகும். மூன்று திசையிலும் சேர்த்துக் கணக்கிட்டால், பருமனில் கால் பங்குக்கும் மேல் காணாமல் போயிருக்கும்! இந்தக் கணக்கை மனதில் வைத்தே கலைஞர் மோதிரத்தைப் பெரிதாகச் செய்கிறார்.

சூளையிலிருந்து வரும் நகை சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருக்கும். அது அழுக்கு அல்ல. மேடுபள்ளமான பரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. கம்பித் தூரிகையால் தேய்த்ததும் மேடுகள் படிந்து வெள்ளி மின்னுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இலை வித்தை. நீர்த்த களிமண்ணை இலையின் பின்புறம் பல முறை பூசி உலர்த்திச் சுடுகிறார்கள். இலை எரிந்துபோகிறது, அதன் நரம்பெல்லாம் வெள்ளியில் நிற்கிறது.

உள்ளே நுண்துளைகள் எஞ்சுவதால், வார்த்த வெள்ளியின் வலிமை இதற்கு இல்லை. மெல்லிய கொக்கிகளைப் பொற்கொல்லரின் கம்பியில் செய்வதே நல்லது. ஆனால் சிக்கனத்தில் இதை மிஞ்ச முடியாது. சுடுவதற்கு முன் அரத்தில் உதிர்ந்த தூளில் சில சொட்டு நீர் விட்டால் மறுபடி களிமண். சுட்ட பின் பிடிக்காமல் போனால், நகை மீண்டும் சுத்திகரிப்புத் தொட்டிக்கே போகலாம்.