துப்பாக்கிக்கு எத்தனை ஆண்டு?

ஹெராயினும் ஏ.கே.47-ம் ஒரே படகில் வந்தால் தண்டனை கூடுமா? கேரள எல்லையில் எழுந்த கேள்விக்கு அமெரிக்கா தரும் பாடம்.

களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலை. 1956 நவம்பர் 1-ல் எல்லைக் கோடு விழுந்தபோது விளவங்கோடு தமிழகத்துக்கு வந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே தங்கிவிட்டது. பேச்சும் பெண் கொடுக்கல் வாங்கலும் கோட்டைப் பார்த்து நிற்கவில்லை. கடத்தலும்தான். அமரவிளை கலால் சோதனைச் சாவடியில் பஸ்களை நிறுத்திப் பைகளைத் துழாவுவது வாடிக்கை. சிக்குவது பெரும்பாலும் கஞ்சா.

துப்பாக்கி இங்கே அபூர்வம். 2020 ஜனவரி 8 இரவு களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சன் சுட்டுக் கொல்லப்பட்டார். அது பயங்கரவாத வழக்கு. போதையும் துப்பாக்கியும் கைகோத்து வந்தது அடுத்த ஆண்டு, கடல் வழியாக. 2021 மார்ச்சில் மினிக்காய் தீவருகே 'ரவிஹன்சி' என்ற இலங்கைப் படகை மடக்கிய கடலோரக் காவல் படை, அதை நெய்யாற்றின்கரை தாலுகாவிலுள்ள விழிஞத்துக்குக் கொண்டுவந்தது. உள்ளே 300 கிலோ ஹெராயின், ஐந்து ஏ.கே.47, 1,000 தோட்டாக்கள். ஆறு இலங்கையர் கைதானார்கள். போதைப்பொருள் தடுப்புப் பிரிவு தொடங்கிய வழக்கு பிறகு தேசியப் புலனாய்வு முகமையிடம் போனது.

இத்தகைய வழக்கில் துப்பாக்கிக்கு என்ன எடை? 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டப்படி ஹெராயின் 250 கிராமைத் தாண்டினால் வணிக அளவு. தண்டனை 10 முதல் 20 ஆண்டு. குறைந்தபட்சத்துக்கு மேல் எப்போது போகலாம் என்று சொல்ல, 2001 திருத்தம் 32-பி பிரிவைச் சேர்த்தது. பதவியைத் தவறாகப் பயன்படுத்துவது, சிறுவர்களை ஈடுபடுத்துவது, பள்ளிக்கூடம் பக்கத்தில் குற்றம் செய்வது என நீளும் அந்தப் பட்டியலில் முதலிடம் ஆயுதத்துக்கு. ஆனால் ஆயுதத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், அல்லது காட்டி மிரட்டியிருக்க வேண்டும்.

படகின் மூலையில் கிடந்த துப்பாக்கி இதில் அடங்குமா? விழிஞத்தில் சிக்கிய தோட்டாக்கள் 9 மி.மீ. ரகம், ஏ.கே.47-க்குப் பொருந்தாதவை. காவலுக்கு வைத்ததைவிட, விற்பனைச் சரக்கு என்றே நினைக்கத் தோன்றுகிறது. தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்ததற்கு ஆயுதச் சட்டம் தனியே தண்டிக்கும்: 2019 திருத்தத்துக்குப் பின் 7 முதல் 14 ஆண்டு. ஆனால் இரு தண்டனைகளையும் ஒன்றாக அனுபவிப்பதா, ஒன்றன்பின் ஒன்றாகவா என்பது நீதிபதியின் கையில்.

அமெரிக்காவின் மத்திய சட்டத்தில் அந்தத் தயக்கம் கிடையாது. போதை வியாபாரத்துக்குத் துணையாகத் துப்பாக்கி வைத்திருந்தாலே கூடுதலாக 5 ஆண்டு; நீட்டினால் 7; சுட்டால் 10. போதைக் குற்றத்துக்கான தண்டனை முடிந்த பிறகுதான் இது தொடங்க வேண்டும். 2004-ல் யூட்டா மாநிலத்தில் வெல்டன் ஏஞ்சலோஸ் என்ற கஞ்சா விற்ற இளைஞர் யாரையும் சுடவில்லை. ஆனாலும் மூன்று துப்பாக்கிக் குற்றச்சாட்டுகளுக்கு 5, 25, 25 என அடுக்கி 55 ஆண்டு விதிக்கப்பட்டது. தீர்ப்பளித்த நீதிபதி பால் கசெல், இது அநியாயம் என்று எழுதியபடியேதான் கையெழுத்திட்டார். சட்டம் அவருக்கு வேறு வழி விடவில்லை. ஏஞ்சலோஸ் 2016-ல் விடுதலையானார். 2020-ல் மன்னிப்புக் கிடைத்தது. ஒரே வழக்கில் 25 ஆண்டுகளை இப்படி அடுக்குவதை 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றம் நிறுத்தியது.

நம் நீதிபதிக்கு அந்தக் கைவிலங்கு இல்லை என்று நிம்மதி கொள்ளலாமா? முழுதாக முடியாது. 32-பி பட்டியலில் இல்லாத சரக்கின் அளவையும் கணக்கில் எடுத்துத் தண்டனையைக் கூட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. 2021-ல் ஒரு கிலோ ஹெராயின் வழக்கில் 15 ஆண்டுத் தண்டனையை உறுதி செய்தது. ஏழை, வெறும் சுமந்து வந்தவர், குடும்பத்தின் ஒரே சம்பாத்தியக்காரர் என்ற வாதங்கள் எடுபடவில்லை.

2022 மே மாதம் லட்சத்தீவு அருகே தமிழகக் கரையிலிருந்து போன இரு மீன்பிடிப் படகுகளில் 218 கிலோ ஹெராயின் சிக்கியது. பாறசாலைக்கு இருபுறமும் உள்ள கடலோரக் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வழக்கு இது. கூலிக்குப் படகேறுபவன் கையில் துப்பாக்கி இருக்காது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் வணிக அளவு என்றால் அவனுக்கும் பத்து ஆண்டு. சரக்கை அனுப்பிய ஆயுதக் கும்பலின் தலைவனுக்கும் கணக்கு அதே பத்தில்தான் தொடங்குகிறது. அமெரிக்கச் சட்டம் துப்பாக்கியை எண்ணியது. நம் சட்டம் தராசைப் பார்க்கிறது. யார் அதைப் பிடித்திருந்தது என்று பார்க்க இரண்டுமே நீதிபதிக்குப் போதிய இடம் தரவில்லை.