‘நாளை’ என்றால் எந்த நாள்? புதிய வடிவமைப்பாளர்களுக்கான இணையவழிச் சூழ்நிலைப் பயிற்சி

மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை ஏ4 நெடுஞ்சாலையின் இருமருங்கும் பார்த்துக்கொண்டு போனால், நம் ஊர்களில் எழுத்து எவ்வளவு பெரிய தொழில் என்பது விளங்கும். கடைப் பெயர்ப் பலகை, ரியூஷன் வகுப்பு பெனர், கல்யாணப் பத்திரிகை, கந்தூரி அறிவித்தல், தேர்தல் சுவரொட்டி. இத்தனைக்கும் பின்னால் ஒரு கணினியும் ஒரு பொடியனும் இருக்கிறார்கள். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் காலத்தில் மூன்று மாதம் ‘கிரஃபிக் டிசைன்’ படித்த பிள்ளைகள்தான் அவர்களில் அநேகர். போட்டோஷொப்பில் எந்தப் பொத்தான் எங்கே என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். முதல் வாடிக்கையாளர் முன்னால் வந்து உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. வரையத் தெரியும், கேட்கத் தெரியாது.

பிழை பிள்ளைகளிடத்தில் இல்லை, கற்பிக்கும் ஒழுங்கில் இருக்கிறது. கருவியைக் கற்பிக்கிறோம், தொழிலைக் கற்பிப்பதில்லை. ஈய எழுத்துக் கோர்த்த காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வளவு இருந்திருக்காது. அச்சகத்தில் சேர்ந்தவன் மூத்தவரின் பக்கத்தில் நின்று, வருகிறவர் என்ன கேட்கிறார், மூத்தவர் என்ன திருப்பிக் கேட்கிறார் என்பதைக் காதால் படித்தான். இன்று ஒரு கடைக்கு ஓர் ஆள்தான். பக்கத்தில் நிற்க மூத்தவர் இல்லை. அந்த மூத்தவரின் இடத்தை ஓரளவுக்கேனும் நிரப்பக்கூடியது சூழ்நிலைவழிப் பயிற்சி என்பது என் எண்ணம்.

இது புதிய சரக்கல்ல. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் மருத்துவ மாணவர்களுக்கு விரிவுரையைக் குறைத்து, ஒரு நோயாளியின் பிரச்சினையை முன்வைத்துப் படிக்கச் செய்தது. அமெரிக்காவின் நோர்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ரொஜர் ஷாங்க் என்பவர் 1990களில் இதே எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தார். பயிலுநருக்கு ஒரு பாத்திரத்தையும் ஓர் இலக்கையும் கொடு, முடிவெடுக்க விடு, விளைவைக் காட்டு, தேவைப்படும் நேரத்தில் மட்டும் பாடத்தைச் சொல்லு என்பது அவர் முறை.

நம் வேலைக்கு இதை எப்படிப் பொருத்துவது? பாடத்திட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கக்கூடாது. பத்துப் பதினைந்து வருடம் இத்தொழிலில் இருக்கும் நான்கு பேரிடம் போய் ஒரேயொரு கேள்வி கேட்க வேண்டும்: “எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வந்திச்சி?” திரும்ப அடித்த வேலை ஒவ்வொன்றும் ஒரு சூழ்நிலை. யாருடைய காசு போனது, எந்த இடத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தால் தப்பியிருக்கும் என்று துருவினால் பாடத்தின் முக்காற்பங்கு கையில் வந்துவிடும்.

ஓர் உதாரணத்தை விரித்துப் பார்ப்போம். இரவு 11.40. பயிலுநரின் கைபேசித் திரையில் வட்ஸ்அப் செய்தி ஒன்று வருகிறது: “தம்பி, வாப்பா மௌத்தாகிட்டாங்க. நாளைக்கு லுஹருக்குப் பொறகு அடக்கம். நோட்டீஸ் ஒண்டு கெதியாச் செஞ்சி தாங்க.” கூடவே மங்கலான ஒரு படம். நீங்கள் என்ன செய்வீர்கள்?

முதலாவது தெரிவு, ‘நாளை’ என்றே போட்டு உடனே அனுப்புவது. அறிவித்தல் 12.20க்குப் பரவத் தொடங்குகிறது. சுபஹுக்கு எழும்பிப் பார்க்கிறவருக்கு ‘நாளை’ என்பது மறுநாள். ஜனாஸாத் தொழுகை அவருக்குத் தவறிப்போகிறது. இரண்டாவது தெரிவு, கெட்டிக்காரத்தனமாக ‘இன்று’ என்று மாற்றுவது. ஆனால் நம் 12.20க்குக் கட்டாரில் முந்திய இரவு 9.50. அங்கே இருக்கும் மகனின் நண்பர்கள், அடக்கம் முடிந்துவிட்டது என்று எண்ணிக்கொள்கிறார்கள். கிழமையை மட்டும் போடலாமே என்பது மூன்றாவது. மஃரிபோடு அடுத்த நாளைத் தொடங்கும் கணக்கு நம்மிடம் உண்டு. ‘வெள்ளிக்கிழமை இராவு’ என்று நம் உம்மாமார் சொல்வது வியாழன் பொழுதுபட்ட பிறகு வரும் இரவை. ஆகவே கிழமையும் தனியாக நின்று காப்பாற்றாது. திகதி, கிழமை, நேரம், பள்ளிவாசல், மையவாடி ஐந்தும் எழுத்தில் வேண்டும்.

இங்கேதான் நல்ல சூழ்நிலைக்கும் வெறும் பலதேர்வு வினாவுக்கும் உள்ள வித்தியாசம். ஐந்து விவரமும் கேட்பதே சரி என்று முடித்துவிட்டால் பாடம் அரைகுறை. மௌத்து வீட்டுக்கு ஐந்து தடவை அழைப்பெடுப்பதும் பிழைதான். அடுத்த தெரிவு அதைப் பற்றியது: ஒவ்வொன்றாகக் கேட்பதா, எல்லாவற்றையும் ஒரே செய்தியில் கேட்பதா, செய்தி அனுப்பியவரைத் தவிர்த்து வீட்டில் பொறுப்பாக நிற்கும் மருமகனையோ மச்சானையோ பிடிப்பதா? படத்தைப் போட வேண்டுமா என்பதும் நாம் தீர்மானிக்கும் விடயமல்ல, குடும்பத்தாரைக் கேட்க வேண்டியது. இவை எதுவும் போட்டோஷொப் கைந்நூலில் இல்லை.

விளைவைக் காட்டும் விதமும் முக்கியம். பிழையான தெரிவுக்குச் சிவப்புப் புள்ளடி போட்டு ‘தவறு’ என்று எழுதுவது பரீட்சைத் தாள் திருத்தும் நம் ஆசிரியப் பழக்கம். அதற்குப் பதிலாக, காலை 8 மணிக்கு வரும் இன்னொரு செய்தியைக் காட்டலாம்: “தம்பி, அடக்கம் இண்டைக்கா நாளைக்கா? ஆக்கள் கேட்டுக்கிட்டே இரிக்காங்க.” அதை வாசித்தாலே போதும். தெரிவுகளிலும் கள்ளம் கூடாது. யாரும் செய்யமாட்டாத முட்டாள்தனம் ஒன்றைத் தெரிவாக வைத்தால் அது இடத்தை அடைக்குமே தவிர வேறொன்றுக்கும் உதவாது. பிழையான வழி ஒவ்வொன்றும், அவசரத்தில் நல்ல மனிதன் ஒருவன் எடுக்கக்கூடிய வழியாக இருக்க வேண்டும்.

தொழில்நுட்பத்தையும் இப்படியே கதைக்குள் வைக்கலாம். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஏற்றிவைத்த ஏற்பாடு அது. ‘கல்முனை’ என்று நாம் அடிப்பதைக் கணினி எஃப், வை, அரைப்புள்ளி, பெரிய கே, ஐ, டி என்றே நினைவில் வைத்திருக்கிறது. (கடைசி மூன்றும் சேர்ந்து ஆங்கிலத்தில் ‘கிட்’ என்று வருவது ஒரு வேடிக்கை.) பாமினி இல்லாத கணினியில் திறந்தால் ஊரின் பெயர் அந்தக் கோலத்தில்தான் தெரியும். யுனிகோடில் தமிழ் எழுத்துக்குறிகளுக்கெனச் சொந்த எண்கள் உண்டு. இலங்கைக்கான தமிழ்க் குறியீட்டு நியமமும் 2008இல் வந்துவிட்டது. ஆனாலும் நம் அச்சகங்களில் பாமினி இன்னும் குடியிருக்கிறது. காரணம் சோம்பல் மட்டுமல்ல. பழைய போட்டோஷொப்பில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் யுனிகோடு ‘கெ’யின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சூடு கண்டவர்கள் பாமினிக்கே திரும்பினார்கள்.

இதைப் பாடமாகச் சொன்னால் கொட்டாவி வரும். சூழ்நிலையாக்கினால்: பத்தடி பெனர், வேறூரிலுள்ள ஃப்ளெக்ஸ் அச்சகத்துக்குப் பின்னேரம் நாலு மணிக்குமுன் கோப்பு போக வேண்டும். எழுத்துருவைச் சேர்த்தனுப்புவதா, பீடிஎஃப் ஆக்குவதா, எழுத்துகளைக் ‘கேர்வ்ஸ்’ ஆக்கி உருவமாக மாற்றுவதா? கேர்வ்ஸ் ஆக்கிய பயிலுநர் நிம்மதியாக இருக்கையில் வாடிக்கையாளர் அழைக்கிறார்: “தம்பி, பேரில ஒரு எழுத்துப் பிழை.” உருவமாக மாறிய எழுத்தைத் திருத்த முடியாது. மூலப் பிரதியைத் தனியாகச் சேமித்தானா என்பதில் கதை பிரிகிறது.

அறபு எழுத்து இன்னும் நுட்பமானது. மத்திய கிழக்கு மொழி வசதியில்லாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் இணையாமல், இடமிருந்து வலமாகத் தலைகீழாகிவிடும். அறபு வாசிக்கத் தெரிந்த பிள்ளை கண்டுபிடிக்கும். அவசரத்தில் பார்க்காமல் விட்டால் பத்திரிகையின் உச்சியிலேயே பிஸ்மி சிதைந்து நிற்கும். ஹிஜ்ரித் திகதியும் அப்படியொன்று. இரண்டு மாதத்துக்கு முன்பே அச்சடிக்கும் கல்யாணப் பத்திரிகையில் போட்ட ஹிஜ்ரித் திகதி, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் பிறை அறிவிக்கப்படும்போது ஒரு நாள் முன்பின்னாகலாம். போடாதே என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. வாடிக்கையாளருக்கு முன்கூட்டிச் சொல்லிவைப்பது கடமை.

கதை எழுதும் ஆசையில் கிளைகளைப் பெருக்கிவிடக்கூடாது. ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று தெரிவு, ஐந்து கட்டம் என்றால் 243 முடிவுகள். எழுதுகிறவர் பைத்தியமாகிவிடுவார். பிழையான வழி ஓரிரு திரை போய், விளைவைக் காட்டி, மீண்டும் பிரதான பாதையில் வந்து சேர வேண்டும். ஐந்து முடிவுப் புள்ளி, பத்து நிமிடம், அவ்வளவுதான் ஒரு சூழ்நிலை.

இதற்குப் பெரிய செலவில்லை. 2009இல் கிறிஸ் கிளைமாஸ் உருவாக்கிய ட்வைன் என்ற இலவசச் செயலியில் பெட்டி பெட்டியாகக் கதையை எழுதிக் கோடிழுத்து இணைக்கலாம். முடிவில் கிடைப்பது ஒரேயொரு சிறிய கோப்பு. அதை வட்ஸ்அப்பிலும் அனுப்பலாம், இணையம் இல்லாமலும் திறக்கலாம். மூடில் தளம் வைத்திருக்கும் நிறுவனங்கள் அதிலுள்ள ‘பாடம்’ என்ற செயற்பாட்டால் இதையே செய்யலாம். கூகுள் படிவத்தில்கூட விடைக்கேற்ப அடுத்த பகுதிக்குத் தாவச் செய்ய முடியும். காணொளியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நம் பிள்ளைகள் கைபேசியில், டேட்டா காட்டைக் கணக்குப் பார்த்துப் படிக்கிறவர்கள்.

மொழியைப் பற்றி ஒன்று. வாடிக்கையாளர் பேசும் இடத்தில் ஊர்ப்பேச்சே வர வேண்டும். ‘தயவுசெய்து எனக்கொரு விளம்பரப் பலகை வடிவமைத்துத் தருவீர்களா’ என்று சாய்ந்தமருதுவில் யாரும் கேட்பதில்லை. “காக்கா சொன்னாரு, நல்ல கலரா ஒண்டு போட்டுத் தாங்க” என்பார்கள். அந்த ‘நல்ல கலர்’ என்னவென்று துருவிக் கேட்பதுதான் பயிற்சி. விளக்கக் குறிப்பு மட்டும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும்.

சூழ்நிலையால் ஆகாதவையும் உண்டு. வர்ணப் பொருத்தமும் எழுத்திடைவெளியும் கைப்பழக்கத்தால் வருபவை. ஆகவே ஒவ்வொரு கதையின் முடிவிலும் உண்மையான கோப்பொன்றைச் செய்து அனுப்பும் வேலை இருக்க வேண்டும். ஜனாஸா அறிவித்தலுக்கு இருபது நிமிட அவகாசம், பெனருக்கு ஒரு மணித்தியாலம் என்று நேரமும் குறித்து. தொழிற்றகைமைச் சான்றிதழுக்கான மதிப்பீடும் செய்துகாட்டும் திறனையே பார்ப்பதால் இந்தக் கோப்புகள் அங்கும் கைகொடுக்கும். வெளியிடுமுன் மூன்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பக்கத்தில் பேசாமல் இருந்து பார்க்க வேண்டும். மூவரும் யோசிக்காமல் ஒரே தெரிவை அழுத்தினால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிட்டு, அச்சகக் காக்காவிடம் திரும்பப் போய் இன்னொரு கதை கேட்க வேண்டியதுதான்.